எக்ஸ்ரேக்குத் தப்பிய கிழிசல்

வரலாற்றுத் தொடர்

1. சடலங்கள் சொன்ன சேதி

லண்டன், 1834. ‘லண்டன் மெடிக்கல் கெஸட்’ என்ற மருத்துவ இதழில் ஜான் கிரிகோரி ஸ்மித் என்பவர் எழுதிய குறிப்பு ஒன்று வெளியானது. சடலங்களை அறுத்துப் பார்த்தபோது தன் கண்ணில் பட்ட ஏழு தோள்களைப் பற்றி அதில் எழுதியிருந்தார். ஏழிலும் மூட்டைச் சுற்றியிருந்த தசைநாண்கள் சேதமாகிக் கிடந்தன. எலும்பைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய நார் பிய்ந்து விலகியிருந்தது.

அந்த ஏழு பேரும் உயிரோடு இருந்த காலத்தில் கையைத் தூக்கித் தலை வாரினார்களா? சட்டை மாட்ட யாராவது உதவினார்களா? ராத்திரி அந்தப் பக்கமாகப் புரண்டால் வலியில் எழுந்து உட்கார்ந்தார்களா? பதில் சொல்ல ஆளில்லை. கிழிசல் கிடைத்துவிட்டது. அதற்குச் சொந்தக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நெடுங்காலம் தோளின் நிலைமை இதுதான். உள்ளே கிழிந்திருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் அறுத்துப் பார்க்க வேண்டும். அறுக்காமல் பார்க்கும் வழி பிறக்க இன்னும் நூறு ஆண்டுகள் ஆயின. பார்த்ததை வைத்து ‘இதைத் தைத்தால் நிற்குமா?’ என்று சொல்லக் கற்றுக்கொள்ள அதற்கு மேலும் அரை நூற்றாண்டு பிடித்தது. அந்தக் கதைதான் இது.

கதையைப் பின்தொடர நமக்கு ஒரு ஆள் வேண்டும். கற்பனை ஆள்தான். ஆனால், கோவையில் எந்த எலும்பு டாக்டரின் கிளினிக்கிலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இவரைப் பார்த்துவிடலாம். ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. தோப்புக்காரர் என்றே கூப்பிடுவோம். வாய்க்கால் மேட்டில் டி.வி.எஸ். எக்ஸெல் சறுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தார். எண்ணெய் போட்டு நீவினார்கள், கட்டுப் போட்டார்கள், மாத்திரையும் விழுங்கியாயிற்று. மூன்று மாதம் ஓடிவிட்டது.

“எலும்பு நல்லாருக்குன்னு எக்ஸ்ரேல பாத்துச் சொல்லிப்போட்டாங்க. அப்பறம் ஏனுங்க கை மேல போக மாட்டேங்குது?”

நியாயமான கேள்வி. பதில் எக்ஸ்ரேயில் இல்லை.

தோள்பட்டை எலும்பிலிருந்து நான்கு தசைகள் கிளம்பி, மேல்கை எலும்பின் உருண்டைத் தலையை முன்னும் மேலும் பின்னுமாக அணைத்துப் பிடிக்கின்றன. மேலே ஓடுவதற்கு சுப்ராஸ்பைனேட்டஸ் என்று பெயர். அதன் நுனியில் உள்ள தசைநாண், தோளின் உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் அக்ரோமியான் எலும்புக்கும் கீழே உருளும் எலும்புத் தலைக்கும் நடுவில், சுமார் ஒரு சென்டிமீட்டர் இடுக்கில் புகுந்து போகிறது. கையைத் தலைக்கு மேல் தூக்கும்போதெல்லாம் அந்த இடுக்கு இன்னும் குறுகும். வயதாக ஆகத் தசைநாண் நலியும். பிறகு ஒருநாள் விழுந்தாலோ, கனமான எதையாவது சட்டென்று தூக்கினாலோ, எலும்பில் ஒட்டியிருக்கும் இடத்திலேயே பிய்ந்துவிடும். ஊரில் இதைத்தான் ‘ஜவ்வு கிழிஞ்சிருச்சு’ என்கிறார்கள்.

1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியில் வில்ஹெல்ம் ரான்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். டிசம்பர் 22 அன்று மனைவியின் கையைப் படமெடுத்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் கருப்பாகத் தெரிந்த அந்தப் படம் உலகையே ஆட்டிவைத்தது. இரண்டே ஆண்டுகளில் அந்தக் கருவி இந்தியாவின் வடமேற்கு எல்லைக்கும் வந்துவிட்டது. 1897-98 தீரா படையெடுப்பின்போது, வால்டர் பீவர் என்ற ராணுவ மருத்துவர் காயம்பட்ட சிப்பாய்களின் உடலில் தோட்டாக்களைத் தேட அதைப் பயன்படுத்தினார். தோட்டா தெரிந்தது, எலும்பு தெரிந்தது. தசைநாண் மட்டும் தெரியவில்லை. சுண்ணாம்புச் சத்து நிறைந்த எலும்பு கதிரைத் தடுக்கும். தசையும் தசைநாணும் ஏறக்குறைய ஒரே அளவில் அதை ஊடுருவ விட்டுவிடும். படத்தில் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது.

இதை நன்றாக உணர்ந்த ஒருவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இருந்தார். எர்னஸ்ட் அமோரி காட்மன், 1869-ல் பிறந்தவர். அறுவை மருத்துவர். எக்ஸ்ரேயின் தொடக்க நாட்களிலேயே பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் படமெடுக்கும் பொறுப்பைக் கவனித்தவர். எக்ஸ்ரே எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று அவருக்கு யாரும் பாடமெடுக்க வேண்டியதில்லை. ஆகவே நோயாளியின் கையைத்தான் நம்பினார். கையைப் பக்கவாட்டில் தூக்கிவிட்டு, “இப்போது மெதுவாக இறக்குங்கள்” என்பார். கிழிந்த தோள் என்றால் பாதி வழியில் கை சட்டென்று விழுந்துவிடும்.

1909-ல் அப்படி ஒரு தோளைத் திறந்து, கிழிந்த சுப்ராஸ்பைனேட்டஸைத் தைத்தார். அதே 1909-ல்தான், இன்று கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக வளர்ந்து நிற்கும் மருத்துவ நிலையமும் தொடங்கியது. 1911-ல் வெற்றிபெற்ற இரண்டு அறுவை சிகிச்சைகளைப் பற்றி காட்மன் கட்டுரை வெளியிட்டார்.

அதோடு நின்றிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார். அவர் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார்: கத்தி வைத்த ஒவ்வொரு நோயாளியும் ஓராண்டு கழித்து எப்படி இருக்கிறார் என்று மருத்துவமனைகள் கணக்கு வைக்க வேண்டாமா? சக மருத்துவர்களுக்கு இது கசந்தது. 1915 ஜனவரியில் நடந்த கூட்டமொன்றில் ஒரு பெரிய கேலிச்சித்திரத்தை விரித்துக் காட்டினார். மணலில் தலையைப் புதைத்துக்கொண்டு பொன்முட்டைகளை மருத்துவர்கள் பக்கம் உதைத்துத் தள்ளும் நெருப்புக்கோழி! நகரமே கொதித்தது. பதவியும் நட்பும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றன. 1934-ல் ‘தி ஷோல்டர்’ என்ற பெருநூலை வெளியிட்டார். 1940-ல் இறந்தபோது கல்லறையில் பெயர்ப்பலகைகூட இல்லை. அது நடப்பட்டது 2014-ல்.

காட்மன் ஒன்றை மட்டும் விட்டுப் போயிருந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று கத்தி வைப்பதற்கு முன்பே கண்ணால் காணும் வழி. அவர் இறப்பதற்கு ஓராண்டு முன்பு, 1939-ல், ஸ்வீடனில் ஒருவர் நோயாளியின் தோள்மூட்டுக்குள் நேராக ஊசியை இறக்கினார். எக்ஸ்ரேயில் தெரியும் மருந்து ஒன்றைச் செலுத்தினார். படம் எடுத்தார்.

மருந்து, போயிருக்கவே கூடாத இடத்துக்குப் போயிருந்தது.

(தொடரும்)

2. அரைஞாணைக் கழற்றுங்கள்

*சென்ற வாரம்: கிழிந்த தசைநாண் எக்ஸ்ரேயில் தெரியாது. தோப்புக்காரரின் கை மேலே போகவில்லை. ஸ்வீடனில் ஊசி மருந்து ஒன்று தடம் மாறிப் போனது.*

ஊசி போட்டவர் பெயர் லிண்ட்ப்ளோம். மருந்து போன இடம், தசைநாணுக்கு மேலே அக்ரோமியானுக்கு அடியில் இருக்கும் பர்சா என்ற மெல்லிய பை. நல்ல தோளில் மூட்டுக்கும் இந்தப் பைக்கும் போக்குவரத்தே கிடையாது. நடுவில் தசைநாண் முழுசாக நிற்கிறது. மூட்டுக்குள் போட்ட மருந்து பைக்குள் கசிந்திருக்கிறது என்றால் தசைநாணில் ஓட்டை விழுந்திருக்கிறது. கிழிசல் நேரடியாகத் தெரியவில்லை, கசிவு தெரிந்தது. அறுக்காமல் கண்டுபிடிக்க அதுவே போதும். ஆர்த்ரோகிராம் என்ற இந்தச் சோதனை அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கோலோச்சியது.

நம் மாகாணமும் சும்மா இருக்கவில்லை. 1934-ல் சென்னை அரசு பொது மருத்துவமனை வளாகத்தில் பர்னார்ட் கதிரியல் நிலையம் திறக்கப்பட்டது. அங்கே எக்ஸ்ரே துறையை வளர்த்தெடுத்த கேப்டன் டி.டபிள்யூ.பர்னார்டின் பெயரைத் தாங்கியது. எலும்பையும் நுரையீரலையும் படித்து அறியும் கலை தமிழ்நாட்டில் அங்கிருந்து வேர்விட்டது.

அந்தக் காலத்துக் கோவையைக் கொஞ்சம் பாருங்கள். 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முன்னின்று தொடங்கிய கோயமுத்தூர் ஸ்பின்னிங் அண்டு வீவிங் மில்லுக்குப் பிறகு, ஆலை மேல் ஆலையாக எழுந்துகொண்டிருந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் வேகம் கூடியது. மில்லில் கூலி, பவானியில் ஜமக்காளத் தறி, சோமனூரில் நெசவு, பொள்ளாச்சியில் மரமேறுவது என்று தோளை வைத்துப் பிழைத்தவர்கள் ஏராளம். அவர்களில் எத்தனை பேர் ‘வாய்வுப் பிடிப்பு’ என்று எண்ணிக் கிழிந்த தோளோடு காலம் தள்ளினார்களோ. எந்த ஏட்டிலும் அந்தக் கணக்கு ஏறவில்லை.

ஆர்த்ரோகிராமுக்கு இரண்டு குறைகள். மூட்டுக்குள் ஊசி இறங்குவது வலி. அதைப் பொறுத்துக்கொண்டாலும், ஓட்டை இருக்கிறது என்பதற்கு மேல் அது அதிகம் சொல்லாது. தசைநாணின் மேற்புறம் மட்டும் பாதி கிழிந்திருந்தால் கசிவே இருக்காது, படம் பொய் சொல்லிவிடும். கிழிந்த நுனி எவ்வளவு தூரம் உள்ளே போய்விட்டது, பின்னாலிருக்கும் தசை எப்படி இருக்கிறது என்பதெல்லாம் இருட்டு.

வெளிச்சம் வந்த திசை யாரும் எதிர்பாராதது. 1971-ல் பால் லாட்டர்பர் என்ற அமெரிக்க வேதியியலாளருக்கு ஒரு எண்ணம் தோன்றியது. உடலில் நீரும் கொழுப்பும் இருக்கும் இடமெல்லாம் ஹைட்ரஜன் இருக்கிறது. வலுவான காந்தப்புலத்தில் வைத்து ரேடியோ அலையால் தட்டினால் ஹைட்ரஜன் அணுக்கரு பதிலுக்கு ஒரு சமிக்ஞை தரும் என்பது பழைய செய்தி. காந்தப்புலத்தின் வலுவை இடத்துக்கு இடம் சற்று மாற்றி வைத்தால், எந்தச் சமிக்ஞை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிடலாமே! கட்டுரையை ‘நேச்சர்’ இதழ் முதலில் திருப்பி அனுப்பியது. விடாமல் போராடி 1973-ல் வெளியிட வைத்தார்.

நியூயார்க்கில் ரேமண்ட் டமேடியன் என்ற மருத்துவர் இதே வேட்டையில் வேறு பாதையில் இறங்கியிருந்தார். மனிதர் நுழையும் அளவுக்கு ஒரு காந்தக் கருவியை மாணவர்களோடு சேர்ந்து தானே கட்டினார். அடக்க முடியாதவன் என்று பொருள்பட ‘இன்டாமிட்டபிள்’ என்று அதற்குப் பெயரிட்டார். முதலில் உள்ளே போனது அவரேதான். சமிக்ஞை கிடைக்கவில்லை. ஆள் பருமன் அதிகமாகிவிட்டதோ என்று சந்தேகம். ஒல்லியான ஆள் தேவைப்பட்டார். லாரி மின்காஃப் என்ற மாணவர் முன்வந்தார். 1977 ஜூலை 3. கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கிடைத்தது மார்பின் ஒரே ஒரு குறுக்குவெட்டுப் படம். முழு மனிதரை உள்ளே வைத்து எடுத்த முதல் எம்.ஆர்.ஐ. படம் அதுதான்.

2003-ல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது லாட்டர்பர் பெயர் இருந்தது. படத்தை வேகமாக எடுக்கும் கணிதத்தைத் தந்த இங்கிலாந்தின் பீட்டர் மேன்ஸ்ஃபீல்டு பெயரும் இருந்தது. டமேடியன் பெயர் இல்லை. பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து நீதி கேட்டார். பலிக்கவில்லை.

இந்தியாவுக்கு 1986-ல் டெல்லியில் உள்ள இன்மாஸ் என்ற பாதுகாப்புத் துறை ஆய்வு நிலையத்தின் வழியாக எம்.ஆர்.ஐ. வந்தது. கோவை அதற்குள் மருத்துவ நகரமாக மாறத் தொடங்கியிருந்தது. ஜி.குப்புசாமி நாயுடு நினைவு மருத்துவமனை 1952-லேயே வந்துவிட்டது. 1978-ல் டாக்டர் ஜே.ஜி.சண்முகநாதன் தம் மனைவி கனகவல்லியோடு கங்கா மருத்துவமனையைத் தொடங்கினார். 1985-ல் பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரி, 1990-ல் கே.எம்.சி.ஹெச். மருத்துவமனை என வரிசையாக வந்தன. ஈரோடு, திருப்பூர், கரூர், பாலக்காடு என்று நாலா பக்கமிருந்தும் ஜனங்கள் பஸ் ஏறி வந்தார்கள். காலப்போக்கில் ‘ஸ்கேன் எடுத்துட்டு வாங்க’ என்பது கோவையில் தினசரி வழக்கில் கலந்துவிட்டது.

நம் தோப்புக்காரருக்கும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால், அதற்கு முன் டாக்டர் ஒரு காரியம் செய்தார். அவரைத் தானாகக் கையைத் தூக்கச் சொன்னார். தோள் மட்டத்துக்கு மேல் போகவில்லை. பிறகு டாக்டரே பிடித்துத் தூக்கினார். கை சுலபமாகக் காதோரம் வரை போனது. இதைச் சும்மா செய்யவில்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு அடிக்கடி வரும் ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்றால் அடுத்தவர் தூக்கினாலும் கை போகாது, மூட்டே இறுகியிருக்கும். இவருக்கு மூட்டு இறுகவில்லை. தூக்கும் கயிறு அறுந்திருக்கிறது.

ஸ்கேன் சென்டரில் ஒரு படிவம். பேஸ்மேக்கர் வைத்திருக்கிறீர்களா? உடம்பில் எங்காவது பிளேட், ஸ்க்ரூ உண்டா? கைக்கடிகாரம், மோதிரம், சாவி எல்லாம் வெளியே போயின. கடைசியில் டெக்னீஷியன் தயங்கியபடி கேட்டார்:

“இடுப்புல அரைஞாண் வெள்ளிங்களாய்யா?”

“ஆமாங். வெவரந் தெரிஞ்ச நாள்ல இருந்து கழட்டுனதில்லீங்களே.”

“நூல் கயிறுன்னா பரவால்லீங்கய்யா. வெள்ளி போட்டுட்டு உள்ள போகக்கூடாதுங்க. வெளில மகன்கிட்டக் குடுத்துருங்க, முடிஞ்சதும் கட்டிக்கலாம்.”

ஒன்றரை டெஸ்லா காந்தம் என்றால் பூமியின் காந்தப்புலத்தைப் போல சுமார் 30,000 மடங்கு. அரைமனதோடு அரைஞாண் கழன்றது. காதில் பஞ்சு வைத்து, சமிக்ஞையை வாங்கும் காயில் ஒன்றைத் தோளில் கட்டி, உள்ளே தள்ளினார்கள். டக் டக் டக் என்று காதைப் பிளக்கும் சத்தத்தில் அரை மணி நேரம்.

படம் வந்தது. தோளை முன்னிருந்து பார்க்கும் வெட்டில், தசைநாண் கரிய பட்டையாகத் தெரியும். நீர் இருக்கும் இடம் பளிச்சென்று வெள்ளை. தோப்புக்காரரின் படத்தில் கரிய பட்டை எலும்பைத் தொடுவதற்கு முன்பே நின்றுவிட்டது. இடைவெளி முழுக்க வெள்ளை. கசிவை வைத்து ஊகிக்கும் வேலையே இல்லை. கிழிசல் கண்ணெதிரே இருந்தது.

“அப்படீன்னா ஆபரேசன் பண்ணித் தெச்சுப்போட்டாச் செரியாயிருமுங்களா?”

டாக்டர் உடனே பதில் சொல்லவில்லை. படத்தில் கிழிசல் இருந்த பக்கத்தை ஒதுக்கிவிட்டு, இன்னொரு வெட்டைத் தேடி எடுத்தார். கிழிசலே இல்லாத ஒரு வெட்டு. அதை ஏன் பார்க்கிறார்?

(தொடரும்)

3. கொழுப்பு எழுதிய தீர்ப்பு

*சென்ற வாரம்: எம்.ஆர்.ஐ. கிழிசலைக் காட்டிவிட்டது. ஆனால், டாக்டர் கிழிசலை விட்டுவிட்டு வேறெதையோ தேடினார்.*

எண்பதுகளின் பிற்பகுதியில் அறுவை மருத்துவர்களை ஒரு புதிர் வாட்டியது. ஒரே அளவு கிழிசல், ஒரே கை தைத்த தையல். ஒருவருக்கு ஒட்டிக்கொள்கிறது. இன்னொருவருக்குச் சில மாதங்களில் மறுபடி பிய்ந்துவிடுகிறது. ஏன்?

பாரிஸை ஒட்டிய க்ரெத்தேயில் டேனியல் கூத்தாலியே என்ற மருத்துவர் கிழிசலிலிருந்து பார்வையை எடுத்துவிட்டு, அதன் பின்னால் இருக்கும் தசையை சி.டி. ஸ்கேனில் பார்த்தார். தசைநாண் அறுந்துவிட்டால் தசைக்கு வேலை இல்லை. வேலையில்லாத தசை சுருங்கும். சுருங்கிய இடத்தில் கொழுப்பு வந்து குடியேறும். 1994-ல் அவரும் குழுவினரும் இதை ஐந்து படிகளாகப் பிரித்து வெளியிட்டார்கள். 0 என்றால் சுத்தமான தசை. 1 என்றால் அங்கங்கே கொழுப்புக் கோடு. 2-ல் கொழுப்பு உண்டு, தசைதான் அதிகம். 3-ல் இரண்டும் சரிபாதி. 4-ல் கொழுப்பே அதிகம். நைந்த துணியில் போட்ட தையல் நூலோடு துணியையும் பிய்த்துக்கொண்டு வரும். 3, 4-ஆம் படித் தசையின் நிலையும் அதுதான். கிழிந்த நுனியை இழுத்து எலும்பில் கட்டிவிடலாம். பின்னால் இழுக்க வேண்டிய தசையில் உயிர்ப்பு இல்லை. தைத்த பிறகும் அந்தக் கொழுப்பு பெரும்பாலும் திரும்பிப் போவதில்லை.

1999-ல் சூரிச் நகர மருத்துவர்கள் இதே படிகளை எம்.ஆர்.ஐ. படத்திலும் படிக்கலாம் என்று காட்டினார்கள். கோவை டாக்டர் தேடி எடுத்தது அந்த வெட்டைத்தான். தோளைப் பக்கவாட்டில் அறுத்துப் பார்க்கும் கோணம். தோள்பட்டை எலும்பு அங்கே ஆங்கில ஒய் எழுத்து வடிவில் தெரியும். அதன் கிளைகளைச் சுற்றி நான்கு தசைகளின் குறுக்குவெட்டு. சாம்பல் நிறம் தசை, வெள்ளை நிறம் கொழுப்பு. மேலே, ஒய் எழுத்தின் இரண்டு கிளைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பது சுப்ராஸ்பைனேட்டஸ். டாக்டர் அந்த இரண்டு கிளைகளின் உச்சியையும் இணைத்து மனதில் ஒரு கோடு போட்டார். நல்ல தசை அந்தக் கோட்டுக்கு மேலே புடைத்துக்கொண்டிருக்கும். சுருங்கிய தசை கோட்டுக்குக் கீழே பதுங்கிவிடும். 1998-ல் சனெட்டி என்பவரின் குழு சொன்ன அடையாளம் இது. தோப்புக்காரரின் தசை கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. உள்ளே வெள்ளைக் கோடுகள் இருந்தன, ஆனாலும் சாம்பல்தான் அதிகம். படி இரண்டு.

அடுத்து, கிழிந்த நுனி எங்கே நிற்கிறது? 1990-ல் பிரெஞ்சு மருத்துவர் பாத் இதற்கு மூன்று நிலை வகுத்தார். எலும்பில் ஒட்டியிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தால் ஒன்று. உருண்டைத் தலையின் உச்சிவரை பின்வாங்கியிருந்தால் இரண்டு. தலை பொருந்தும் குழிவரை போய்விட்டால் மூன்று. மூன்றாம் நிலையில் நுனியைப் பழைய இடத்துக்கு இழுத்துவருவதே பெரும்பாடு. பிறகு அகலம்: ஒரு சென்டிமீட்டருக்குள் சிறியது, மூன்று வரை நடுத்தரம், ஐந்து வரை பெரியது, அதற்கு மேல் மிகப் பெரியது. முன்பக்கம் இருக்கும் சப்ஸ்கேபுலாரிஸ் தசை முழுசாக இருக்கிறதா, பைசெப்ஸ் தசைநாண் தன் பள்ளத்தில் கிடக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இத்தனையையும் கத்தி வைக்கும் முன்பே தெரிந்துகொள்வதால்தான் திட்டம் போட முடிகிறது. சிறு துளை வழியாக ஆர்த்ரோஸ்கோப் என்ற குழாய்க் கேமராவை நுழைத்துத் தைக்கலாமா? தையல் நூலைப் பிடித்துக்கொள்ளும் ஆங்கர்களை எலும்பில் எத்தனை திருக வேண்டும்? பாதிதான் மூட முடியும் என்று நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டுமா? தசை முழுக்கக் கொழுப்பாகி, மூட்டும் தேய்ந்திருந்தால் தையலை மறந்துவிட்டு, பிரான்ஸின் க்ராமோன் 1985 வாக்கில் வடிவமைத்த தலைகீழ்த் தோள்மூட்டுக்குப் போவதா? அதில் குழி இருந்த இடத்தில் உருண்டை, உருண்டை இருந்த இடத்தில் குழி. அறுந்த தசைக்குப் பதிலாக டெல்டாய்டு தசை கையைத் தூக்கும். ஏன், அந்தப் பழைய எக்ஸ்ரேயும் வீண் இல்லை. எலும்புத் தலை மேலேறி அக்ரோமியானோடு உள்ள இடைவெளி ஏழு மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால், கிழிசல் பெரியது, பழையது என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

அல்ட்ராசவுண்டு போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கிழிசல் இருக்கிறதா என்று பார்க்க, பழகிய கையில் அது அருமையான கருவி. செலவு குறைவு. கையை அசைத்துக்கொண்டே பார்க்கலாம். ஆனால், ஒலி எலும்பைத் துளைத்துப் போகாது. அக்ரோமியானுக்கு அடியில் பதுங்கிவிட்ட நுனியை அதில் பார்க்க முடியாது.

ஆக, தோப்புக்காரரின் கணக்கு இது: முழுக் கிழிசல், நடுத்தர அளவு, நுனி பாதி வழியில், தசை படி இரண்டு.

“இப்ப தெச்சா நிக்கிறதுக்கு வாய்ப்பு இருக்குங்கய்யா. தள்ளிப் போட்டீங்கன்னா, இந்த வெள்ளைக் கோடெல்லாம் இன்னும் பரவும். அப்பறம் நானே தெக்க வேண்டாம்னு சொல்லீருவேன்.”

மகன் தலையாட்டினார். தோப்புக்காரர் தலையாட்டவில்லை. அவரிடம் வேறொரு கணக்கு இருந்தது.

“எங்க பங்காளி ஒருத்தரு மெட்ராஸ்ல மொத்தமா எல்லாச் செக்கப்பும் பண்ணாருங்க. அவருக்கும் தோள்ல ஜவ்வு கிழிஞ்சிருக்குன்னு ரிப்போர்ட் வந்துச்சு. அவரு பாட்டுக்கு மம்பட்டி புடிச்சு வேலை செய்யறாரு. ஒரு வலியுமில்லீங்க. அப்பறம் எனக்கு மட்டும் எதுக்குங்க ஆபரேசன்?”

பட்டிக்காட்டுக் கேள்வி என்று ஒதுக்க முடியாது. 1995-ல் அமெரிக்காவில் ஷெர் என்பவரும் குழுவினரும் தோளில் எந்தத் தொந்தரவும் இல்லாத 96 பேரை எம்.ஆர்.ஐ.யில் வைத்துப் பார்த்தார்கள். 33 பேருக்குக் கிழிசல் இருந்தது. அறுபது வயதைத் தாண்டிய 46 பேரை மட்டும் எடுத்தால், 25 பேருக்கு. அதாவது பாதிக்கு மேல்! அவர்களில் 13 பேருக்கு முழுக் கிழிசலே இருந்தது. வலி இல்லை, கை போகிறது, வாழ்க்கை நடக்கிறது.

எனவே ரிப்போர்ட்டில் ‘டியர்’ (கிழிசல்) என்று அச்சாகி வந்ததும் ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடுவது தவறு. வயதான தோளில் கிழிசல் நரைமுடிபோலச் சாதாரணமாக வரும். ஒரு மனிதரின் வலிக்கும் பலவீனத்துக்கும் அந்தக் கிழிசல்தான் காரணமா என்பதைக் கையைத் தூக்கிப் பார்த்து, கதையைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். பங்காளிக்கு விபத்தில்லை, வலியில்லை, பலவீனமில்லை. தோப்புக்காரர் விழுந்தார், அன்றிலிருந்து கை போகவில்லை. படங்கள் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கலாம், வைத்தியம் வேறு. டாக்டர் இதைப் பொறுமையாக விளக்கியபோது அவர் முதல்முறையாகப் படத்தைத் தானே வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இடது கையால்தான்.

உருவத்தைத் தாண்டி உயிர்ப்பைப் பார்க்க எம்.ஆர்.ஐ.யை வளைத்த வேலையில் கோவைக்கும் பங்குண்டு. களம் மட்டும் தோளன்று, முதுகு. முதுகெலும்பு வட்டுகளின் நடுப்பகுதிக்கு ரத்தக் குழாய் கிடையாது. சத்து மேலும் கீழும் உள்ள தட்டுகள் வழியாக ஊறித்தான் உள்ளே போக வேண்டும். உயிருள்ள மனிதரில் அது எப்படி நடக்கிறது? கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ்.ராஜசேகரனும் குழுவினரும் ரத்தத்தில் காண்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்தி, ஒரே ஆளை 24 மணி நேரம் வரை திரும்பத் திரும்பப் படமெடுத்து, மருந்து வட்டுக்குள் ஊறும் பாதையை அளந்தார்கள். தட்டு பழுதானால் ஊறும் விதமே மாறுகிறது என்று காட்டினார்கள். 2004-ல் சர்வதேச முதுகெலும்பு ஆய்வுச் சங்கத்தின் பரிசு அந்த ஆய்வுக்குக் கிடைத்தது. கிழிந்த தசையில் கூத்தாலியே தேடியதும் வட்டுக்குள் ராஜசேகரன் தேடியதும் ஒன்றே: திசு இன்னும் பிழைக்குமா?

தோப்புக்காரர் கையெழுத்துப் போட்டார். தை பிறந்ததும் ஆபரேஷன் என்று முடிவானது.

ஆனால், அதே 2004-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து வந்த கட்டுரையொன்று தோள் மருத்துவர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. லீசா கலாட்ஸும் குழுவினரும் பெரிய, மிகப் பெரிய கிழிசல்களை ஆர்த்ரோஸ்கோப்பில் தைத்த 18 பேரை, குறைந்தது ஓராண்டு கழித்து அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். 17 பேருக்குத் தையல் விட்டுப்போயிருந்தது. 18-க்கு 17! அத்தனையும் தோல்வி என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். எழுத முடியவில்லை. அவர்களில் பெரும்பாலோர் வலி குறைந்துவிட்டது என்றார்கள், கையைத் தலைக்கு மேல் தூக்கியும் காட்டினார்கள். தையல் நிற்கவில்லை என்றால் கையைத் தூக்கியது எது?

(அடுத்த வாரம்: தோற்ற தையலில் ஜெயித்த தோள்கள்)